இருங்கோ என்றாலும் இருக்காத சம்பந்தி

இன்று நான் யோகமலர் அன்ரியைச் சந்தித்தேன். வந்த வேகத்திலேயே எங்கள் பேப்பருக்கு இதைத் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் எங்களுடைய கட்டிடத்தில்தான் அன்ரியும் இருக்கிறார், ஏழாம் மாடி. லிஃப்றில் காணும்போது சிரிப்பார், அவ்வளவுதான். அவருடைய மகன் மிதுனனைக் கட்டப்போகும் தேனுகா என்னோடு படித்தவள். கலியாண அழைப்புக் காட்டுகளை அன்ரியிடம் கொடுத்துவிடச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

போன நேரம் அன்ரி அயர்ன் பண்ணும் பலகைக்கு முன்னால் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பலகையில் துணிக்குப் பதிலாகச் சோற்றுக் கோப்பை, ஊறுகாய்ப் போத்தல், தண்ணீர். நானும் நின்றேன்.

"நீர் இரும் பிள்ளை. நான் நிக்கிறதுக்கு நீர் ஏன் நிக்கவேணும்?"

இருந்தேன். அவர் கடைசி வரைக்கும் இருக்கவில்லை. இடையில் கொஞ்ச நேரம் சோபாவில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கதைத்தார். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார், பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல.

எண்பத்தெட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து, சின்னப் பிள்ளையாக இருந்த மகனோடு இங்கே வந்தவர். கணவர் ஊரிலேயே இறந்துவிட்டார். வந்த மாதமே தையல் தொழிற்சாலையில் வேலை, ஜக்கற்றுகளுக்குக் கொலர் வைப்பது. தைத்த அளவுக்குத்தான் சம்பளம் என்பதால் காலையில் கதிரையில் இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார். அப்படிச் சில வருடங்கள் போனபிறகு ஒருநாள் விறைப்பு வந்தது.

"முதல்ல விறைப்புத்தான். என்ர உடம்பில ஒரு துண்டு இல்லாதமாதிரி. பிறகு எரிவு."

"எங்க அன்ரி?"

அன்ரி யன்னல் பக்கம் பார்த்தார். "எல்லாருக்கும் 'அங்க' எண்டுதான் சொன்னனான். நீர் எழுதுறதெண்டால் அப்பிடி எழுதாதேயும். இடத்தைச் சொல்லி எழுதும். என்ர பேரையும் போடும்."

ஆகவே எழுதுகிறேன். பெண்ணுறுப்பிலிருந்து மலவாசல் வரைக்கும் உள்ள இடம். கதிரையில் இருந்தால் எரியும். நிமிர்ந்து நின்றால் குறையும், படுத்தால் இன்னும் குறையும். சலம் போகும்போதும் எரியும். மணித்தியாலக் கணக்காகக் கதிரையில் இருந்து இருந்து, அந்த இடத்துக்குப் போகிற நரம்பு நசிந்துவிட்டது. நோய் அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் பல வருடம் போனது, அதற்குக் காரணம் டொக்டர்கள் மட்டும் இல்லை.

அன்ரிக்கு அப்போது ஆங்கிலம் வராது. டொக்டரிடம் போனால் மொழிபெயர்க்க மிதுனன்தான், பள்ளிக்கூடப் பையோடு. ஒரு தாய் தன் பொடியனிடம் அதை எப்படிச் சொல்வது?

"'நாரி நோ எண்டு சொல்லு தம்பி' எண்டன். இடுப்பைத் தொட்டுக் காட்டினன், அவனும் சொன்னான். டொக்டர் நாரிக்கு மருந்து தந்தார். நாரிக்குப் படம் எடுத்தினம். நாரி நல்லாத்தான் இருக்கு எண்டிச்சினம்."

எங்கள் கட்டிடத்தில் எத்தனை வீட்டில் பிள்ளைகள்தான் மொழிபெயர்க்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன்.

வேறொரு தமிழ் டொக்டரிடம் தனியப் போய் "அங்க எரியுது" என்றார். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை, சலத்தில் கிருமி என்று குளிசை கொடுத்தார். மச்சாள் ஒருவர் உடம்புச் சூடு என்று சொல்லி பார்லி அவித்துக் கொடுத்தார். தொழிற்சாலையில் அன்ரி அடிக்கடி ரொய்லற்றுக்குப் போய் இருந்ததால் சுப்பவைசர் றொபேட் பெயர் வைத்தான், 'குயீன்' என்று, சிம்மாசனத்தில் இருப்பவள் என்ற கருத்தில். உண்மையில் அந்த இருக்கை ஒன்றில்தான் அன்ரியால் எரிவில்லாமல் இருக்க முடிந்தது.

அதுதான் கடைசியில் உதவியது. போன மாரிக் குளிரில் ஒரு பெண் டொக்டரிடம் தனியப் போய் இவ்வளவும் சொன்னார்: "சிற்றிங் பெயின். ஸ்ராண்டிங் ஓகே. ரொய்லற் சிற்றிங் ஓகே." அந்த டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாவாம். ரொய்லற் இருக்கையின் நடுவில் ஒன்றும் இல்லை, நரம்பில் அமுக்கம் விழாது என்று படம் கீறிக் காட்டினாவாம். குறையலாம், முற்றாக மாறும் என்று சொல்ல ஏலாது என்றும் சொன்னாவாம். அன்ரி அதே தொழிற்சாலையில் நின்று அயர்ன் பண்ணும் பகுதிக்கு மாறினார். மகனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு இன்னும் அது நாரி நோதான்.

இந்த வசந்தத்தில்தான் பெண் கேட்டு ரெக்ஸ்டேலுக்குப் போனார்கள்.

தேனுகாவின் அப்பா வீரக்குட்டி அங்கிளும் அம்மா இராசமணி அன்ரியும் மட்டக்களப்பு ஆட்கள். மிதுனனின் காரில் ஸ்காபரோவிலிருந்து ரெக்ஸ்டேல் வரைக்கும் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர, அன்ரிக்கு இருந்த இடம் தணலாகிவிட்டது. உள்ளே போனதும் "இரிங்க, இரிங்க" என்றார்கள். "பறவாயில்லை, நிக்கிறன்" என்றார். குடிக்க ரீ வந்தது. திரும்பிப் போகும் வழியில் சலம் முட்டினால் எரியும் என்ற பயத்தில் அதையும் "வேண்டாம்" என்றார். பலகாரத்தையும் தொடவில்லை.

யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் ஒரு வீட்டில் இருக்காமல், வாய் நனைக்காமல் திரும்பினால் என்ன கருத்து என்பது எங்களுக்குத் தெரியும். அது சாதி, ஊர் எல்லாம் பார்த்துச் செய்கிற அவமரியாதை. வீரக்குட்டி அங்கிள் முகம் கறுத்துப்போய் இருந்தார். "அம்மாவுக்கு நாரி நோ" என்று மிதுனன் சொன்னான்.

"நாரி நோவுக்கு ஒரு வாய் ரீயும் குடிக்க ஏலாதோ தம்பி?" என்றார் அங்கிள்.

அடுத்த நாள் சம்பந்தம் வேண்டாம் என்று போன் வந்தது. தேனுகாவை வெளியே விடவில்லை. மிதுனன் தாயிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "நாரிக்கும் ரீக்கும் என்னம்மா சம்பந்தம்?" அன்ரி துணி மடிக்கப் போனார். அதன்பிறகு அவன் வீட்டில் கதைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் கலியாணம் நடக்கலாம். ஆனால் சொல்லவேண்டியது "அங்க" என்ற சொல்லுக்கு அடியில் கிடந்தது. ஒரு கிழமை பார்த்துவிட்டு, வேலைக்கு லீவு சொல்லி, அன்ரி தனியப் புறப்பட்டார். பஸ், சப்வே, பிறகு பஸ், எல்லாவற்றிலும் நின்றபடி. சப்வேயில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழும்பி இடம் கொடுத்தாராம். வேண்டாம் என்றதும் அவரும் கோபித்துக்கொண்டாராம்.

கதவைத் திறந்தவர் இராசமணி அன்ரி.

"வாங்க. இரிங்க எண்டு சொல்லமாட்டன். நீங்க இரிக்க மாட்டீங்க."

"ஓம், இருக்கமாட்டன். குசினிக்குள்ள ஒருக்கா வாங்கோ மச்சாள்."

ஹோலில் அங்கிள் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். குசினிக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் யோகமலர் அன்ரி இடத்தின் பெயரைச் சொன்னார். கதிரை, எரிவு, சலம், மகனிடம் சொன்ன பொய், எல்லாம்.

இராசமணி அன்ரி ஓடிய தண்ணீரில் ஒரு கோப்பையைக் கழுவி வைத்தார். பிறகு குழாயைப் பூட்டினார்.

"அண்டைக்கு உங்கட ரீய நான் கோபத்தில முற்றத்தில கொண்டுபோய் ஊத்தினன். இதைச் சொல்லியிருக்கலாமே, நான் என்ன ஆம்பிளையா?"

"சுத்திவர ஆம்பிளையள்தானே நிண்டவை."

"அதுவும் சரிதான்."

ஹோலுக்குப் போய் இராசமணி அன்ரி புருசனிடம் சொன்னார்: "நாரி நோதான். பொல்லாத நாரி நோ."

"அப்ப ரீ?"

"அது, அவக்குச் சீனி வருத்தம்."

அங்கிள் நம்பிவிட்டார், சம்பந்தத்துக்கும் சரி என்றார். இப்போது அவர் எங்கே யோகமலர் அன்ரியைக் கண்டாலும் பாவற்காய்ச் சாறு குடிக்கச் சொல்லி வகுப்பு எடுக்கிறாராம். இதை வாசித்தால் நிறுத்தட்டும் என்கிறார் யோகமலர் அன்ரி.

"குசினிக்குள்ள சொன்ன நேரம் எப்பிடி இருந்தது அன்ரி?" என்று யோகமலர் அன்ரியிடம் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவருக்கு இல்லை.

"ஒண்டுமில்லை பிள்ளை. வெக்கமும் வரேல்லை, சந்தோசமும் வரேல்லை. பின்னேரம் பஸ்ஸில சனம் கூடும், இடிபடவேணும் எண்டுதான் யோசிச்சன். கனகாலம் எரிஞ்சால் மனமும் விறைச்சுப் போகுது."

தன் அம்மாவிடம் கேட்டறிந்து மிதுனனுக்குத் தேனுகா சொல்லியிருக்கிறாள். அவன் தாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. காரின் பின் இருக்கையில் தலையணையும் போர்வையும் போட்டு வைத்திருக்கிறான். அன்ரி இப்போது படுத்தபடிதான் பயணம். "பெல்ற் இல்லாமல் படுத்திருக்கிறதைப் பொலிஸ் கண்டால் தண்ட ரிக்கற்தான்" என்றார்.

கலியாணம் ஆவணியில். சடங்கு முழுக்க நின்றுகொண்டுதான் பார்ப்பேன், நோவும் கூடவே வரும் என்கிறார் அன்ரி.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பேப்பரை மரக்கறிக் குப்பைக்கு விரிக்க முதல், நாள் முழுக்கத் தைக்கிற அம்மாவிடம், ரக்சி ஓடுகிற அப்பாவிடம் கொடுங்கள். வாசிக்கக் கூச்சப்பட்டால் மேசையில் வைத்துவிட்டு வெளியே போங்கள். இப்படி எரிவு உள்ள பெண்கள் யோகமலர் அன்ரியை வந்து பாருங்கள், சனிக்கிழமை பின்னேரங்களில் வீட்டில்தான் நிற்பார், பேப்பருக்குப் போன் எடுத்தால் இலக்கம் தருவோம். பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு வரத் தேவையில்லை. அன்ரிக்குத் தமிழில் சொன்னால் போதும்.