ஆயில் விளக்கு அணையும் வரை

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இன்னும் மனம் ஏற்கவில்லை.

அன்னவாசல் பக்கம் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, படிப்பை விட்டு ஓட்டுநராகி எங்களைக் கரையேற்றினார். வளைகுடாவில் பட்ட பாட்டுக்கு மிஞ்சியது ஒரு பழைய டீசல் கார். விராலிமலையில் அதை வாடகைக்கு ஓட்டியே மகனை ஆளாக்கினார்.

தினமும் காலையில் காபி குடிக்கும் முன் இஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். ஒரு முகூர்த்த நாளில் ஆயில் பால் விட்ட டீ போல வெளுத்திருந்தது. "தண்ணி கலந்துருச்சுங்க. பொண்ணு மாப்பிள்ளைய நடுரோட்டுல எறக்கிவிட எனக்கு மனசு வராது" என்று சொல்லி, வேறு வண்டி பிடித்துக் கொடுத்தார். ஸ்டார்ட் ஆனாலும் ஸ்டீயரிங்குக்கு முன்னால் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு அணைந்து, சத்தம் சீராகும் வரை யாரையும் ஏறவிட மாட்டார். மழையானாலும் அவர் "ஏறுங்க" என்று சொல்லும்வரை குடும்பமே குடையோடு வெளியில் நிற்கும். எவ்வளவு கேலி செய்திருப்போம்!

சிறுநீரகக் கோளாறில் படுத்திருந்தபோதும், "வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றுதான் கேட்டார். எங்களில் யாருக்கும் அதற்கு மனம் வரவில்லை. அந்நாள்களில் மாறி மாறி உடனிருந்த ஓட்டுநர் நண்பர்களுக்கும், சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அவர் போன மறுநாள், அஸ்தியைக் கட்டுமாவடிக் கடலில் கரைக்க அவர் காரில்தான் போக வேண்டும் என்றார் அண்ணி. சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றதோடு சரி. வேன் பேசலாம் என்றார்கள் உறவினர்கள். துக்கத்தில் வாசல் தாண்டாத அண்ணி நிலைப்படியிலிருந்தே கேட்டார்:

"ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டுத் திருப்புங்க தம்பி. மங்குதா?"

"மங்குது அண்ணி."

"அப்ப பேட்டரி முனையில பூத்திருக்கும். சொரண்டிட்டு இறுக்குங்க. அவரு மொதல்ல அதத்தான் பாப்பாரு. ஆயிலையும் ஒருக்கா பாத்துருங்க."

வெள்ளையாகப் பூத்திருந்தது. சுரண்டி இறுக்கினேன். ஆயில் சரியாக இருந்தது. இஞ்சின் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றது. சிவப்பு விளக்கும் அணைந்தது.

யாரும் ஏறவில்லை. கலயத்தை ஏந்திய மகனும் கதவருகில் அப்படியே நின்றான். எதற்காகக் காத்து நிற்கிறோம் என்று தெரிந்தபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

நிலைப்படியிலிருந்து அண்ணிதான் சொன்னார்: "ஏறுங்க."