நாக்கைப் பிடித்த கை

தெருவில் எல்லோருக்கும் அவர் தொண்டைக்காரர். மாட்டின் தொண்டையில் கிழங்கு சிக்கினாலும் சரி, பிளாஸ்டிக் பை சிக்கினாலும் சரி, ஆள் அனுப்புவது அவருக்குத்தான். ஒருமுறை முழுச் செருப்பையே எடுத்திருக்கிறார். தோள் வரை கையை விடுவார். ஆனால் அது ஒற்றை ஆள் வேலை இல்லை. மனைவி மாட்டின் நாக்கை இழுத்துக் கடைவாய்ப் பக்கமாக மடக்கிப் பிடிக்க வேண்டும். நாக்கு பல்லுக்கு நடுவில் இருந்தால் மாடு வாயை மூடத் தயங்கும். பேரெல்லாம் அவருக்கு, எச்சிலெல்லாம் எனக்கு என்று அவள் சிரிப்பாள்.

பால்காரர் ஓடி வந்த அன்று காலையில்தான் புல் அறுக்கும்போது அவள் விரலில் அரிவாள் பட்டிருந்தது.

"தண்ணிகூட இறங்கலண்ணே. வாயெல்லாம் நுரை. எதையோ முழுங்கித் தொலைச்சிருக்கு."

நாக்கைப் பிடித்ததும் விரலில் சுற்றியிருந்த துணி நழுவியது.

"வழுக்குதுங்க, பிடி நிக்கல."

"துணிய அவுத்துட்டுப் பிடி" என்றவர் அவர்தான்.

உள்ளே ஒன்றுமில்லை. மறுபடியும் விட்டுப் பார்த்தார். கடைவாய்ப்பல் முழங்கையைச் சிராய்த்ததுதான் மிச்சம். தொண்டை காலியாக இருந்தும் விழுங்க முடியாத மாட்டை அவர் கண்டதில்லை. வாலுக்கடியில் ஏதாவது சிக்கியிருக்கும், அங்கே தேடுங்க என்று அவள் கேலி செய்தாள். மாடு கத்தியது. குரல் கிழிந்து வந்தது.

மாடு செத்தபின் கால்நடை டாக்டரம்மா தலையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வெறிநோய். எப்பவோ வெறிநாய் கடிச்சிருக்கு, யாரும் கவனிக்கல. தொண்டை செயலிழந்துடும், பாக்கறவங்களுக்கு ஏதோ சிக்கின மாதிரிதான் தெரியும். யார் யார் வாய்க்குள்ள கைவிட்டீங்க?"

தொண்டைக்காரர் முழங்கையைக் காட்டினார். அவர் மனைவி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா போனதும் அவர் சட்டையை மாட்டினார். "நீயும் கிளம்பு."

"என்னை என்ன கடிச்சுதா? உங்களைத்தான் சிராய்ச்சுது. போய் ஊசி போட்டுக்கிட்டு வாங்க."

"காயத்துல எச்சில் பட்டாலே போதும்னு சொன்னாங்கல்ல? வந்துட்டா அப்புறம் காப்பாத்த முடியாது."

"சம்பந்தியம்மா காதுல விழுந்தா? பொறக்கப்போற பிள்ளையத் தொட விடுவாளா? அடுத்த வாரம் நான் போகணும்ல?"

மகளுக்குத் தலைப்பிரசவம், மாமியார் வீட்டிலேயே. துணிப்பை கட்டி வாசற்கதவுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது.

அவர் தனியாகப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் கெஞ்சினார். திட்டினார். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தார். அவள் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டாளே தவிர இறங்கி வரவில்லை. நாளாக ஆக அந்தக் காயம் ஆறிக்கொண்டே வந்தது. மேல்தோல் மூடிவிட்டால் உள்ளே போனது போனதுதானே?

கடைசியில் மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்தப் பக்கம் அழுகை. பிறகு, "அம்மாகிட்ட குடுங்க."

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "குடியக் கெடுத்துட்டீங்க" என்றாள். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் ஆறிப்போன அந்தத் தழும்பைச் சுற்றியே மருந்தை ஏற்றினார்கள். வலியில் அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் நீட்டிய கையைத் தொடவில்லை.

"அன்னைக்கே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். "வந்தவரைக்கும் நல்லது. மிச்ச ஊசிய விட்டுடாதீங்க."

"இனிமே பயமில்லைல்ல சார்?"

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மகள் அழுததில் விஷயம் தெரிந்துபோய், வரவேண்டாம் என்று சம்பந்தியம்மா சொல்லி அனுப்பினாள். பேத்தி பிறந்த சேதி போனில் வந்தது. பை கட்டினபடியே கதவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அவள் அவரோடு பேசுவதில்லை.

விடிந்ததும் அவர் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்காருவார். எத்தனையோ மாடுகளின் தொண்டைக்குள் கைவிட்டவர், அவள் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். இந்த நோய் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

இன்று அவள் பாதி குடித்துவிட்டு டம்ளரை இறக்கினாள். அத்தனை நாளுக்கப்புறம் வாயைத் திறந்தாள்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க? நான் என்ன மாடா?"

அவரால் சிரிக்க முடியவில்லை. "மிச்சத்தையும் குடி" என்றார்.