சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு பிறை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், யோங் பெங் ஊரில் எங்கள் புகைப்படக் கழகத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். விலை உயர்ந்த லென்ஸ் வாங்கத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

ஒரு வருடம் சூரிய கிரகணம் வந்தது. ஜொகூரில் அது அரைகுறையாகத்தான் தெரியும் என்பதால், முழு கிரகணத்தைப் படமெடுக்கக் கழகத்திலிருந்து சிலர் இந்தோனேசியத் தீவு ஒன்றுக்குப் போனோம். சூரியன் முழுதாக மறைந்ததும் லென்ஸின் முன்னால் இருக்கும் கறுப்பு ஃபில்டரைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் சுற்றியுள்ள ஒளிவட்டம் படத்தில் விழும். வழியெல்லாம் எங்களுக்கு இதைப் பாடம் நடத்தியவர் தலைவர்தான்.

கடற்கரை சட்டென்று இருண்டது. நான் ஃபில்டரைக் கழற்றி, ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றி எடுத்தேன். அவரோ சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பேசியில் தம்மையே எடுத்துக்கொண்டிருந்தார். கேமராவில் ஃபில்டர் அப்படியே இருந்தது. அது தானாக எடுத்துத் தள்ளிய படங்கள் அத்தனையும் கறுப்பு.

ஊர் திரும்பியதும் கூப்பிட்டார்.

“தங்கச்சி, உங்க ஃபைல் ஒன்னு குடுங்க லா. கழகத்துப் படம்தானே?”

“தர முடியாது அண்ணே.”

பல வேகங்களில் எடுத்தவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒளிவட்டத்தின் இழைகள் தெரியும்வரை வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். நிறத்தைத் தொடவில்லை.

கழகம் நடத்திய கண்காட்சியில் அவர் படத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் செம்பனைக் காட்டுக்கு மேலே கறுப்பு வட்டம், அதைச் சுற்றி ஊதா வெளிச்சம், வானமெங்கும் நட்சத்திரம். போதாததற்கு ஓரத்தில் ஒரு பிறை நிலா. ஆட்கள் வரிசையில் நின்று அதன் முன் செல்ஃபி எடுத்தார்கள். பக்கத்தில் என் சாம்பல் நிறப் படத்தைச் சீண்டுவாரில்லை.

திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“அண்ணே, சூரியன மறைச்சது எது?”

“நிலாதான். இது தெரியாதா?”

“அப்ப ஓரத்துல இருக்கறது?”

அவர் படத்தைப் பார்த்தார். “அலமாக்! அது அழகுக்கு வச்சது லா.”

சிரித்தது, கூட வந்திருந்த என் கணவர் ஒருவர்தான். தலைவர் பிரமுகரிடம் திரும்பி, “இவங்க ரொம்ப டெக்னிக்கல்,” என்றார். பிரமுகர் தலையாட்டிவிட்டு, அந்தப் படத்தையே தம் அலுவலகத்துக்குக் கேட்டு வாங்கிப் போனார்.

என் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கழகத்தின் பக்கம் மறுபடி போகவில்லை. அவர் இப்போது எடிட்டிங் வகுப்பு நடத்துகிறாராம். இடம் கிடைப்பதே கஷ்டமாம்.