ஒரு சுற்று வந்த ராஜா

தெருவில் எல்லோருக்கும் அவள் விளக்கக்கா. கண்ணாடி விளக்குக் கூண்டுகளில் பழைய காலத்துப் போர்களையும் முடிசூட்டல்களையும் வரைந்து சூளையில் சுடுவது அவள் தொழில். ஒரு வண்ணத்துக்கு ஒரு தடவை சூளை. சுட்டபின் தலைகீழாக நின்றாலும் அழிக்க முடியாது. எந்த நாட்டு ராஜாவாக இருந்தாலும் மூக்கு மட்டும் அவள் கணவனுடையது. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேறு ஆள் அகப்படவில்லை.

ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் போர்க்காட்சி கேட்டார். ஒரு ராஜா துரத்த வேண்டும், இன்னொரு ராஜா தலைதெறிக்க ஓட வேண்டும். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வரைந்தபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்று முறை சுட்டு, பல்பைப் போட்டுச் சுற்றிப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. கூண்டு வட்டம் அல்லவா? தப்பி ஓடிய ராஜா ஒரு சுற்று வந்து, துரத்தியவரின் முதுகுக்குப் பின்னால் உருவிய வாளோடு நின்றார்.

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ரெண்டும் என் மூக்குதானே, எவன் ஜெயிச்சா என்ன?"

"பேசாம இருங்க, எரிச்சலைக் கிளப்பாதீங்க!"

வாத்தியார் வந்தார். விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல யாரும்மா யாரைத் துரத்துறாங்க?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களுக்குப் பிடிச்ச ராஜா துரத்துற பக்கத்தை முன்னால வைங்க சார். மிச்சத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். "முப்பது வருஷமா பள்ளிக்கூடத்துல நானும் அதைத்தாம்மா செஞ்சேன்!"