மேலதிகாரி வரும் நேரம்

ஒன்பதரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே தேவமணி குடையை மடக்கிவிடுவார். உப்பளத்து வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி. "மேலதிகாரி வார நேரம். குடையப் புடிச்சிக்கிட்டா நிக்கது?" என்பார்.

மேலதிகாரி என்றால் தாசில்தார் இல்லை. பதினெட்டு நாளைக்கு ஒருமுறை தூத்துக்குடிக்கு மேலே, கண்ணுக்கெட்டாத உயரத்தில் போகிற செயற்கைக்கோள். அது எடுக்கும் படத்தை வைத்துத் தண்ணீர் எது, தரிசு எது, பயிர் எது என்று பட்டணத்து ஆபீசில் வரைபடம் போடுகிறார்கள். போட்டது சரிதானா என்று நேரில் பார்த்துச் சொல்வது, எழுபத்தாறாம் வருஷம் தொட்டு, சர்வே செயின்மேன் தேவமணியின் வேலை.

நாசரேத்துக்காரர். அளவுச் சங்கிலியைத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பார், பனி படவிடமாட்டார். தன் தலைக்குக்கூட அவ்வளவு எண்ணெய் வைத்து, அவரோடு வேலை பார்த்த நான் பார்த்ததில்லை. உப்புக் குவியலை மேகம் என்று குறித்து வந்த படத்துக்கு அவர் எழுதிய பதில் ஆபீசில் பிரசித்தம்: "நக்கிப் பார்த்தேன். உப்பு."

புன்னைக்காயல் போகும் வழியில் வாழை போட்டிருக்கும் செல்லத்தாயின் ஊர்க் குளத்தில்தான் சிக்கல் வந்தது. குளம் முழுக்க ஆகாயத்தாமரை. மேலிருந்து பார்த்தால் வெறும் பச்சை. வரைபடத்தில் 'பயிர் நிலம்' என்று விழுந்துவிட்டது. குளமே இல்லையென்றால் மராமத்துப் பட்டியலிலும் பெயர் இருக்காது. அரித்துப்போன கரை உடைந்தால் நாற்பது வீட்டு வாழையும் போச்சு. "குளம்தான்" என்று தேவமணி எழுதினார். அடுத்த படத்தில் தண்ணீர் தெரிந்தால் திருத்துகிறோம், அதற்குப் பிறகு பட்டியல் முடிந்துவிடும் என்று பதில் வந்தது. நேரில் பார்த்தவன் சொல்லுக்கு மதிப்பில்லையா என்று எனக்குத்தான் கொதித்தது. அவர் கொதிக்கவில்லை.

"படத்துல ஒரு புள்ளிங்கது எம்பது மீட்டரு. நாம ரெண்டு புள்ளி அகலத்துக்குச் செடிய எடுத்துருவோம்" என்றார். சங்கிலி போட்டு அளந்தும் கொடுத்தார். ஊரே நாலு நாள் இறங்கி அள்ளியது. மிச்சச் செடி மிதந்து வராமலிருக்கக் கம்பு நட்டுச் சுற்றிலும் கயிறு கட்டினார்கள்.

படம் எடுக்கிற நாளில் நானும் போயிருந்தேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஒன்பதே காலுக்குக் காற்று எழுந்தது. கயிறு ஓரிடத்தில் அறுந்து, செடி மொத்தமாக உள்ளே நகர ஆரம்பித்தது. தேவமணி குடையைச் செல்லத்தாயின் கையில் கொடுத்தார். சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். பனிகூடப் படாத அந்தச் சங்கிலியின் ஒரு முனையைக் கம்பில் மாட்டினார். மறுமுனையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து மார்பளவு தண்ணீரில் நின்றார். செடி வந்து அதில் முட்டி நின்றது.

மணி ஒன்பதரையை நெருங்கியது. வெயில் தாங்காமல் கரையில் செல்லத்தாய் குடையை விரித்தாள்.

"ஏளா, குடைய மடக்கு! மேலதிகாரி வாராரு!"

அவள் மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.