ஷிப்ட் மாறும்போது ஊதாத சங்கு

மென்பொருளுக்குப் பேக்கேஜ் போடுகிறவனை, எல்லாம் சரியாக ஓடும்வரை யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் ஊருக்கே தெரியும். யாரோ எழுதிய புரோகிராமுக்காக யாரிடமோ திட்டு வாங்கிய சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

சும்மா கிடைத்த சாமான்

இரண்டாயிரங்களின் கடைசியில், ஓசூரில் ரஹீம் பாய் கம்பெனியில் தற்காலிக வேலையில் இருந்தேன். ஆலைகளுக்கு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் விற்போம். அதில் பெல், பாட்டு, வீடியோ எல்லாம் முட்டிக்கொள்ளாமல் ஒலிக்க, நடுவில் ஒரு சவுண்டு சர்வர் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் அந்த மென்பொருளை, ஒரே கிளிக்கில் ஏறி உட்காரும்படி பேக்கேஜ் செய்வது என் வேலை.

ஒரு ஃபைலைச் சேர்த்தால் அது இன்னொன்றைக் கேட்கும். அதைக் கொடுத்தால் முதல் ஃபைல் கோபித்துக்கொள்ளும். எது எதை நம்பி இருக்கிறது என்று புரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று பார்த்த பாய் கேட்டார்: "சும்மா கெடச்ச சாமான்தானே தம்பி, அதுக்கு ஏன் இத்தனை நாளா மல்லுக்கட்டற?"

மூன்றில் ஒன்று

மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஓர் ஆலையில், சங்கு ஊதும் வேலையையே எங்கள் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார்கள். ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸில் கம்ப்யூட்டர், கூரையில் குழாய் ஸ்பீக்கர். டீக்கு ஊதியது, சாப்பாட்டுக்கு ஊதியது. ஷிப்ட் மாறும்போது மட்டும் மூச்சே இல்லை. பெல் அடிக்கும் புரோகிராமைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், ஒயரைக்கூட மாற்றினேன். ஒன்றும் விளங்கவில்லை.

சங்கு ஊதாமல் லைனை விட்டு நகரக்கூடாது என்பது அங்கே சட்டம். பஸ்ஸைத் தவறவிட்ட ஓர் உத்தனப்பள்ளித் தொழிலாளி என்னை நிறுத்திக் கேட்டார்: "டீக்கு ஊதுது, சோத்துக்கு ஊதுது, ஊட்டுக்குப் போவ மட்டும் ஊத மாட்டேங்குது. இத எங்க எம்.டி.யா சார் எழுதுனாரு?"

நான் போனால் ஊதும்

சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் லினக்ஸும் வேண்டாம், அதைப் பார்க்கிற ஆளும் வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார். அப்பா ரிட்டையர் ஆகியிருந்தார். வீட்டில் என் சம்பளம்தான் அரிசி பருப்பு. பயந்துபோய் ஆலைக்கு ஓடினேன். டைம் ஆபீஸ் முனிரத்தினம் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். என் பெயரில் லாகின் செய்து காத்திருந்தேன். ஷிப்ட் மாறும் நேரம் வந்ததும் சங்கு கணீரென்று ஊதியது. மறுநாள் நான் போகவில்லை; அதுவும் ஊதவில்லை. அதற்கடுத்த நாள் போனேன், ஊதியது. எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

தெலுங்கில் யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்த முனிரத்தினம், அதை வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்: "நீங்க வந்தா ஊதுது, வரலன்னா இல்ல. பேசாம இங்கியே வேலைக்குச் சேந்துருங்க சார்."

துடைத்து வைத்த நாற்காலி

சனிக்கிழமை நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். சங்குக்குக் கொஞ்சம் முன்னால் முனிரத்தினம் லாக்அவுட் செய்தார், கீபோர்டைத் துடைத்தார், நாற்காலியைத் திருப்பி வைத்தார். தன் பெயரில் எதையும் அடுத்த ஷிப்டுக்கு விட்டுப்போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அடுத்தவர் வந்து லாகின் செய்வது சங்குக்குப் பிறகுதான்.

நேரம் வந்தும் சங்கு ஊதவில்லை. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. சவுண்டு சர்வர், லாகின் செய்கிற ஆளோடு எழுந்து அவரோடேயே கிளம்பிவிடும். அந்த மென்பொருளை எழுதியவர்கள் அதுதான் முறை என்று சொல்லியிருந்தார்கள். நானும் அப்படியே பேக்கேஜ் செய்திருந்தேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்த ஆலையில் சத்தத்துக்குச் சொந்தக்காரரே கிடையாது. யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரோடு எழுந்து நிற்கும்படி சர்வரை அங்கேயே மாற்றினேன். இரண்டாம் ஷிப்ட் முடிந்தபோது சங்கு ஊதியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை விஷயத்தை விளக்கியபோது முனிரத்தினம் ஒப்புக்கொள்ளவே இல்லை: "நான் ஊட்டுக்குக் கெளம்புனா அதுவும் கெளம்புது. அது சரியாத்தானே சார் இருந்திருக்கு?"

அந்த வாரமே பாய் என் வேலையை நிரந்தரமாக்கினார். ஆலைக்கே வீட்டுக்குப் போகச் சங்கு ஊதிக் கொடுத்த எனக்கு, வீட்டுக்குப் போகச் சொல்லி எந்தச் சங்கும் ஊதாத வேலை அது.