கூடையை இறக்காத கங்காணி

தோட்டத் தலைவர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. இரண்டு பக்கத்துத் திட்டு மட்டும் நாள் தவறாமல் கிடைக்கும். இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் கேளுங்கள். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டம். பாதி ரப்பர், பாதி தேயிலை. அதற்குச் சங்கத் தலைவர் நான். தோட்டத்தைக் கம்பனி எடுத்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பெருமையாகத்தான் சொல்வேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

பேர் கொடுத்தேன்

கொழுந்து மலையில் பெண்களை மேய்த்த முனியாண்டிக் கங்காணி ஓய்வுக்குப் போனார். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பது பொம்பளை, பின்னால் நின்று கத்துவது ஆம்பிளை. தோட்டத்தை நடத்துகிற துரை புதுப் பேர் கேட்டார். புஷ்பத்தின் பேரைக் கொடுத்தேன். நல்ல கைகாரி. சிங்களம் சரளமாகப் பேசுவாள். யாருக்கும் பயப்பட மாட்டாள்.

துரை யோசித்தார். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். சரிவராவிட்டால் அவள் திரும்பவும் கொழுந்துக்கே போக வேண்டும். நானும் இனிமேல் பொம்பளை பேரைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வரக்கூடாது. சரி என்றேன். அன்று சாயந்தரம் சங்கக் கூட்டத்தில் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரப்பர் பால் வெட்டுகிற செல்லையா மட்டும் எழுந்தான். "ஏன் தலைவரே, நாளைக்கு எம்பொண்டாட்டி வீட்டுலயும் பெரட்டு எடுத்து, 'செல்லையா வந்தாச்சா'ன்னு பேர் கூப்பிட்டா, நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?"

பள்ளத்து நிரை

யார் எந்தத் தேயிலை வரிசையில் நிற்பது என்று நிரை பிரிப்பதில்தான் கங்காணியின் அதிகாரம். மேட்டு நிரை சொந்தக்காரிக்கு. ஓடைப் பக்கத்துப் பள்ளத்து நிரை ஆகாதவளுக்கு. அங்கே அட்டை, வழுக்கல், கொழுந்தும் குறைவு. பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிற சோமாவதி என்ற சிங்களப் பெண்ணுக்கு வருஷக்கணக்காக அந்தப் பள்ளம்தான்.

புஷ்பம் முதல் நாளே முறை வைத்தாள். இன்றைக்கு மேடு என்றால் நாளைக்குப் பள்ளம். முதலில் இறக்கியது கூடப்பிறந்த தங்கச்சியை. மறுநாள் முறை முனியாண்டியின் மருமகள் லலிதாவுக்கு. அவள் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்கு ஆள் வந்தது. ஏறிப் போனேன்.

"எங்க மாமா காலத்துல அந்தப் பள்ளத்த நான் எட்டிக்கூடப் பாத்ததில்ல!" என்று கத்தினாள்.

"இப்ப பாரு" என்றேன்.

இறங்கினாள். என் பரம்பரையையே வைதுகொண்டு இறங்கினாள். மேட்டில் நின்ற சோமாவதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "தலைவர் மாத்தயா, இப்பதான் ஹரி, எல்லாம் சரி. அந்த அட்டைக்குச் சிங்களம் தமிழ் தெரியாதுதானே? எல்லார் ரத்தமும் குடிச்சிப் பாக்கட்டும்!"

கை கேட்கவில்லை

கொழும்பிலிருந்து கம்பனி ஒரு ஆளை அனுப்பியது. மனிதவள முகாமையாளராம். இளம் பையன். சப்பாத்தில் மண் படாமல் நடந்தார். மலைக்கு வந்து கங்காணியைத் தேடினார். காணவில்லை. கங்காணி கூடையோடு நிரைக்குள் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வைக்கு வைத்தவள் கொழுந்துக்காரி வேலை பார்க்கிறாளே, அந்தக் கொழுந்து யாருக்குப் போகிறது என்று கேட்டார். நாளைக்கு ஆபீசில் விசாரணை என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

சொந்தக்காரிக்குப் போட்டிருந்தால் கதை முடிந்தது. அவள் வேலை போகும். இனி எந்தப் பெண்ணும் கங்காணி ஆக முடியாது. "கங்காணிக்கு எதுக்குக் கூடை?" என்று மலை அதிரக் கத்தினேன். அவள் அசையவில்லை. "கம்பப் புடிச்சிக்கிட்டுச் சும்மா நின்னா துளிரு என்னையே பாக்குது தலைவரே. நான் கங்காணின்னு கண்ணுக்குத் தெரியுது, கைக்குத் தெரிய மாட்டேங்குது."

ஜன்னல்

தொழிலாளி ஆபீசுக்குள் வருவதில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். வெள்ளைக்காரன் போயும் அந்த வழக்கம் போகவில்லை. நான் புஷ்பத்தை உள்ளே கூட்டிப் போனேன். விசாரணை என்றால் உட்காரக் கதிரை வேண்டும் என்றேன். கதிரை வந்தது. கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

புஷ்பம் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். பள்ளத்தில் நிற்கிறவளுக்குக் கொழுந்து குறையும். அதனால், தான் எடுக்கும் கொழுந்தை அன்றன்றைக்கு அவள் கூடையில் போடுவதாகச் சொன்னாள். முகாமையாளர் நம்பவில்லை. இதற்கு யார் சாட்சி, உன் தங்கச்சியா என்றார். துரை பேனாவை எடுத்தார்.

அப்போது ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு முகம் வந்தது. லலிதா. தொலைந்தோம் என்று நினைத்தேன். அவள் முகாமையாளரைப் பார்த்துச் சொன்னாள்: "தொரைங்களா, அவளுக்கும் எனக்கும் பேச்சு கெடையாது. ஆனா நேத்துப் பள்ளத்துல நின்னது நான்தான். திரும்பிப் பாத்தா என் கூடை நெறஞ்சிருக்கு. ஒரு வார்த்த பேசாம போட்டுட்டுப் போயிட்டா, திமிரு புடிச்சவ!"

இரண்டு தடவை

புஷ்பத்துக்கு வேலை நிரந்தரமானது. கூடையை மட்டும் லயத்து வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். வைத்துவிட்டு வந்தாள். எடுத்த கொழுந்தை மடியில் கட்டிக்கொண்டாள். முகாமையாளர் அடுத்த தடவை வந்தபோது வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார்.

பிறகு பெண் கங்காணி என்பது சாதாரணமாகிவிட்டது. ரப்பர் பக்கமும் வந்தது. அங்கே கங்காணி ஆனவள் செல்லையாவின் பெண்சாதி. அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்ற அதே செல்லையா அவளுக்குக் கீழே பால் வெட்டினான். காலைப் பெரட்டில் அவள் பேர் கூப்பிட்டால் உடனே குரல் கொடுப்பதில்லை என்று புகார் வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "வீட்டுல ஒரு தடவ கூப்பிட்டாலே ஓடுறேன் தலைவரே. பெரட்டுலயாவது ரெண்டு தடவ கூப்பிடட்டுமே!"

இந்த வேலையில் நான் போட்ட சண்டைகள் ஏராளம், ஆனால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிற ஒரு சண்டையை ஜெயித்துக் கொடுத்தவள் என் பரம்பரையையே வைத லலிதாதான்.